கிடேரி பருவத்துக்கு வரவில்லையா? ஊசிக்கு முன்னால் தீவனக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: வயது ஆகியும் கிடேரி காளைக்குக் கத்தவே இல்லை, தீவனம் வழக்கம்போல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகுமா, தீவனத்துக்கும் ஹார்மோனுக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் மிக நேரடியான சம்பந்தம். இப்படி வரும் இளம் கிடேரிகளில் பெரும்பாலானவற்றின் சினைப்பையில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. சினைப்பை தயாராகத்தான் இருக்கிறது, மூளைதான் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. அந்த அனுமதி கன்று பால் மறந்த நாளிலிருந்து என்ன தின்றது, எவ்வளவு வளர்ந்தது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் வருகிறது. பதினைந்து நாள் அடர்தீவனத்தை அள்ளிப் போட்டு அதை வாங்கிவிட முடியாது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதாலமஸ் என்று ஒரு பகுதி. அங்கிருந்து ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் விட்டுவிட்டு, துடிப்பு துடிப்பாக வெளிவரும். ஒவ்வொரு துடிப்புக்கும் பதிலாகக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் என்ற ஹார்மோனை ஒரு துடிப்பு இரத்தத்தில் விடும். கூடவே எஃப்எஸ்ஹெச் என்ற இன்னொன்றும் வரும். எஃப்எஸ்ஹெச் சினைப்பையில் நுண்ணறைகளை, அதாவது முட்டை வளரும் சின்னஞ்சிறு பைகளைக் கிளப்பிவிடும், எல்ஹெச் அவற்றில் ஒன்றைக் கடைசிவரை வளர்த்து முட்டையை வெளியேற்றும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், கன்று பிறந்து சில வாரங்களிலேயே சினைப்பையில் நுண்ணறைகள் அலை அலையாக வளர்ந்து வளர்ந்து சுருங்க ஆரம்பித்துவிடுகின்றன என்பதுதான். ஸ்கேனில் பார்த்தால் மாதக்கணக்கான கன்றிலும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு அலையிலும் ஒரு நுண்ணறை பெரிதாகும், எல்ஹெச் போதாததால் முட்டை வெளியேறாமலேயே வாடிப்போகும், அடுத்த அலை கிளம்பும்.

எல்ஹெச் ஏன் போதவில்லை? அந்த நுண்ணறைகள் சுரக்கும் கொஞ்சூண்டு ஈஸ்ட்ரோஜனே இளம் வயதில் ஹைபோதாலமஸைப் பலமாக அடக்கி வைத்திருக்கிறது. அதனால் எல்ஹெச் துடிப்பு சில மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மந்தமாகவே வருகிறது. பருவம் நெருங்கும்போது, தோராயமாக முதல் முட்டை வெளியேறுவதற்கு முந்தைய 50 நாட்களில், ஈஸ்ட்ரோஜனின் அந்தப் பிடி தளர்கிறது. துடிப்பு வேகமெடுத்து மணிக்கு ஒன்று என்ற அளவுக்கு வருகிறது. நுண்ணறை முழுதாக வளர்கிறது, அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் திடீரென்று ஏறுகிறது, இப்போது அதே ஈஸ்ட்ரோஜன் அடக்குவதற்குப் பதிலாக எல்ஹெச்சைப் பொங்க வைக்கிறது, முட்டை வெளியேறுகிறது. முதல் தடவை பெரும்பாலும் ஊமைப் பருவமாகவே போகும், கத்தாது, வழும்பு ஒழுகாது, அடுத்த சுழற்சியில்தான் அறிகுறி தெரியும். ஆக, எல்லாமே அந்தப் பிடி எப்போது தளர்கிறது என்பதில்தான் இருக்கிறது. தீவனம் நுழைவது சரியாக அந்த இடத்தில்தான்.

உடலில் சேமிப்பு இருக்கிறதா, தினமும் வரவு இருக்கிறதா என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? வயதைவிட உடல் எடையும் உணவும்தான் பருவத்தோடு நெருங்கிய தொடர்புடையவை என்று 1963-லேயே கென்னடி, மித்ரா என்ற இருவர் எலிகளில் காட்டினார்கள். ஆனால் உடலின் கொழுப்பு எந்த வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்பது 1994-ல் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் பிடிபட்டது. லெப்டின் கொழுப்புத் திசுவே சுரக்கும் ஹார்மோன். கொழுப்பு கூடினால் கூடும், பட்டினி போட்டால் சரசரவென்று விழும். இது ஜிஎன்ஆர்ஹெச் நரம்பு செல்களை நேரடியாகத் தொடுவதில்லை, இடையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்பிஒய் என்ற பசி நரம்பு செல்கள் ஒரு பக்கம்: உணவு குறைந்தால் இவை கிளர்ந்து பசியைத் தூண்டும், அதே கையோடு இனப்பெருக்கத்தை அடக்கும். இன்னொரு பக்கம் கிஸ்பெப்டின் செல்கள்: இவைதான் ஜிஎன்ஆர்ஹெச்சைத் தட்டி எழுப்புபவை. கிஸ்பெப்டினை உணரும் ஏற்பி பழுதானால் மனிதர்களுக்குப் பருவமடைதலே நடப்பதில்லை என்று 2003-ல் தெரியவந்தபோதுதான் இதன் முக்கியத்துவம் விளங்கியது. லெப்டினும் இன்சுலினும் போதுமான அளவு இருந்தால் என்பிஒய் அடங்கும், கிஸ்பெப்டின் வேலை செய்யும், துடிப்பு வேகமெடுக்கும்.

லெப்டினை மட்டும் ஊசியாகப் போட்டால் பருவம் சீக்கிரம் வருமா என்று வளரும் கிடேரிகளில் பார்த்தார்கள், வரவில்லை. லெப்டின் இல்லாமல் பருவம் வராது, லெப்டின் மட்டும் இருந்தாலும் வராது. அது ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். கொழுக்க வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எல்லோரும் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். பருவமடையாத கிடேரிகளை வெறும் இரண்டு நாள், அதாவது 48 மணி நேரம் பட்டினி போட்டுப் பார்த்தபோது லெப்டின், இன்சுலின், கல்லீரல் தயாரிக்கும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி எல்லாம் குறைந்தன, எல்ஹெச் துடிப்பும் கூடவே குறைந்தது. ஆனால் வளர்ந்த பசுக்களை 60 மணி நேரம் பட்டினி போட்டபோது லெப்டின் விழுந்தாலும் எல்ஹெச் துடிப்பு அசையவில்லை. வளர்ந்த பசுவுக்குக் கையிருப்பு இருக்கிறது, கிடேரிக்கு இல்லை. அதனால்தான் பால் கறக்கும் மாட்டுக்கு நல்ல தீவனத்தைப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கிடேரிக்குத் தள்ளும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. இன்றைக்குக் கறக்காத மாடு என்பதற்காக அதை ஓரத்தில் கட்டி வைத்தால், அந்த ஓரத்தில்தான் நாளைய பால் தாமதமாகிறது.

ஐஜிஎஃப்-1 பற்றியும் சொல்ல வேண்டும், இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தீவனம் குறைந்தால் வளர்ச்சி ஹார்மோனும் குறையும் என்றுதானே நினைப்போம்? உண்மையில் அது கூடுகிறது. ஆனால் அதன் சொல்லைக் கேட்டு ஐஜிஎஃப்-1 தயாரிக்க வேண்டிய கல்லீரல், இன்சுலின் குறைந்த நிலையில் காது கொடுப்பதில்லை. விளைவு, வளர்ச்சி ஹார்மோன் ஏறிக் கிடக்கும், ஐஜிஎஃப்-1 இறங்கிக் கிடக்கும். சினைப்பையில் எஃப்எஸ்ஹெச்சும் எல்ஹெச்சும் செய்யும் வேலையைப் பெருக்கித் தருவது இந்த ஐஜிஎஃப்-1-ம் இன்சுலினும்தான். இவை குறைந்தால் நுண்ணறை சின்னதாகவே நிற்கும், ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு சுரக்காது. அரைகுறைத் தீவனத்தில் எஃப்எஸ்ஹெச் பெரிதாகக் குறைவதில்லை, அதனால் நுண்ணறைகள் கிளம்புவது கிளம்பிக்கொண்டேதான் இருக்கும், முடிவுக்குத்தான் வராது. கையால் ஆசனவாய் வழியே பரிசோதித்துவிட்டு மருத்துவர் "சினைப்பை சின்னதா, வழவழப்பா இருக்கு, வேலை செய்யல" என்று சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

சரி, தீவனம் எப்போது முக்கியம்? என்னைக் கேட்டால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். கிடேரிக்குச் சினைப்பருவம் வர வேண்டிய நேரம் நெருங்கிய பிறகுதான் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள். ஆனால் சீக்கிரமே தாயிடமிருந்து பிரித்து, நான்காம் மாதத்திலிருந்து ஏறக்குறைய ஏழாம் மாதம் வரை மாவுச்சத்து மிகுந்த தீவனத்தில் வேகமாக வளர்த்த மாட்டிறைச்சி இனக் கிடேரிகளில் பல, 300 நாள் வயதுக்கு முன்பே பருவத்துக்கு வந்தன. சாதாரணமாக அந்த வகை இனங்களுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மாதம் ஆகும். அப்புறம், அந்த நான்கிலிருந்து ஏழு மாத இடைவெளியில் நன்றாக வளர்த்துவிட்டு, பிறகு சில மாதம் தீவனத்தை இறுக்கி, மறுபடி தளர்த்தினாலும் பருவம் வரும் வயது பெரிதாகப் பின்னுக்குப் போவதில்லை என்றும் பார்த்திருக்கிறார்கள். அதாவது அந்த வயதில் என்பிஒய் போன்ற நரம்பு இணைப்புகள் ஒருமாதிரி அமைந்துவிடுகின்றன, பிறகு கொஞ்சம் கஷ்டம் வந்தாலும் தாங்குகின்றன. இதனால் நான் பத்து மாதத்துக்கு முன்பே கன்றைச் சினையாக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இடுப்பெலும்பு வளராத கிடேரி கன்று போடும்போது படும் பாடு கொடுமையானது. கன்றுப் பருவத்தை வீணாக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். பால் இனக் கிடேரிகளில் மூன்று மாதம் முதல் பருவம் வரையிலான காலத்தில் மடியின் சுரப்புத் திசு உடலைவிட வேகமாக வளர்கிறது. இந்தக் காலத்தில் ஹோல்ஸ்டீன் போன்ற பெரிய இனத்தில் நாளுக்கு ஒரு கிலோ அளவுக்கு எடை ஏறும்படி தீவனத்தைக் கொட்டினால் மடியில் கொழுப்பு படிகிறது, பால் சுரக்கும் திசு குறைகிறது என்று டென்மார்க்கில் 1980-களில் செய்த ஆய்வுகள் காட்டின. பருவம் முன்கூட்டியே வந்துவிடுவதால் மடி வேகமாக வளரும் அந்தக் காலமே சுருங்கிவிடுகிறது என்பதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால் பால் இனங்களில் வெறும் மாவுச்சத்தை ஏற்றாமல் புரதமும் சேர்ந்து எலும்பும் சதையும் வளரும்படி பார்த்துக்கொள்வது நல்லது. உயரம் கூடாமல் எடை மட்டும் கூடுகிறதென்றால் அது கொழுப்பு.

எவ்வளவு எடை வந்தால் பருவம்? பொதுவாக அந்த இனத்தின் வளர்ந்த பசு எடையில் பாதிக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் பருவம் வரும், 55 முதல் 65 சதவீதத்தில் சினைப்படுத்தலாம். நாளை எண்ணுவதைவிட இது நம்பகமான கணக்கு. வளர்ந்த பசு 400 கிலோ இருக்கும் இனம் என்றால் 60 சதவீதம் 240 கிலோ. பிறந்த எடை 25 கிலோ என்று வையுங்கள், மீதி 215 கிலோவைப் பதினைந்து மாதத்தில் எட்ட வேண்டுமானால் நாளுக்கு ஏறக்குறைய 470 கிராம் எடை ஏற வேண்டும். உங்கள் கிடேரி நாளுக்கு 250 கிராம்தான் ஏறுகிறதென்றால் அதே 240 கிலோவுக்கு இரண்டு வருடத்துக்கும் மேலே ஆகும். அதற்குக் கோளாறு என்று பெயர் வைக்க வேண்டியதில்லை, அது வெறும் கணக்கு. திமில் உள்ள இனங்களும் எருமைகளும் இயல்பாகவே தாமதமாகத்தான் வரும், அவற்றை ஹோல்ஸ்டீனோடு ஒப்பிட்டு மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எடை மேடை இல்லை என்றால் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்து, அந்த எண்ணை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660-ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 272 கிலோ சொச்சம். மாடு நான்கு காலிலும் நேராக நிற்க வேண்டும், டேப் தொய்யவும் கூடாது, இறுக்கவும் கூடாது. மாதம் ஒரு முறை ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளந்து எழுதி வையுங்கள். ஒற்றை எண்ணைவிட அது ஏறுகிறதா, நிற்கிறதா என்பதுதான் உங்களுக்கு வேண்டும்.

அளந்து பார்த்தால் இன்னொன்றும் வெளிப்படும். ஒரே கொட்டிலில், ஒரே தொட்டியில், ஒரே வயதுக் கிடேரிகளில் ஒன்றிரண்டு மட்டும் பின்தங்கும். தீவனம் கொட்டும் நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்று பாருங்கள். பலசாலி இரண்டு முட்டித் தள்ளிக்கொண்டு தலையை உள்ளே விட்டுவிடும், பயந்த சுபாவமுள்ளது ஓரத்தில் நின்று மற்றவை தின்று முடித்த பிறகு தண்டுகளைப் பொறுக்கும். மொத்தத் தீவனக் கணக்கு சரியாக இருக்கும், அந்தக் கிடேரியின் எல்ஹெச் மட்டும் ஏறாது. இதற்கு மருந்து தனியாகக் கட்டித் தீவனம் போடுவதுதான். குடற்புழுவும் இதே வேலையைத்தான் செய்கிறது, பசியைக் குறைத்து உள்ளே போவதையும் பங்கு போடுகிறது, ஆகவே அதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆற்றலின் அளவு மட்டுமல்ல, அது எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். வெறும் வைக்கோலும் உலர்தீவனமும் தின்னும் கிடேரியின் வயிற்றில் தீவனம் நொதிக்கும்போது அசிட்டேட் என்ற அமிலம்தான் அதிகம் உண்டாகும். தானியம் சேர்ந்தால் புரோப்பியோனேட் என்ற இன்னொரு அமிலம் கூடும், அது கல்லீரலில் குளுக்கோஸாக மாறும், இன்சுலின் ஏறும். மொனென்சின் என்ற மருந்து தீவனத்தோடு சேர்க்கப்படும்போது கிடேரிகள் சற்று முன்பே பருவத்துக்கு வருவதற்கும் காரணம் இந்தப் புரோப்பியோனேட்தான். ஆனால் தானியத்தை ஒரேயடியாக ஏற்றினால் வயிறு புளித்துப்போகும், படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

புரதம் குறைந்தால் வயிற்றில் தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களே பட்டினி, அதனால் நார்ச்சத்து செரிக்காமல் கிடேரி தின்பதும் குறையும். அதற்காக யூரியாவையும் பிண்ணாக்கையும் அளவில்லாமல் கொடுத்தாலும் ஆபத்து. இரத்தத்தில் யூரியா நைட்ரஜன் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் கருப்பையின் சூழல் மாறி சினை பிடிக்கும் வாய்ப்பு குறைகிறது. தாதுக்களில் பாஸ்பரஸ் குறைவுதான் பழைய எதிரி, உலர்தீவனத்தில் அது குறைவு, தவிட்டில் நிறைய. தாமிரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. மண்ணில் மாலிப்டினம் அதிகமுள்ள இடங்களில் வளரும் தீவனத்தில் கிடேரியின் பருவம் தள்ளிப்போகிறது, இதில் தாமிரக் குறைவைவிட மாலிப்டினமே எல்ஹெச் சுரப்பைக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாமிரத்தை இஷ்டத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள், செம்மறி ஆட்டுக்கு அது விஷம். தாது உப்புக் கலவையை அந்தந்த விலங்குக்கு உரியதாகப் பார்த்துக் கொடுங்கள்.

தீவனத்திலேயே ஹார்மோன் வேஷம் போடும் பொருட்களும் உண்டு. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகை குளோவர் புல்லை மேய்ந்த செம்மறிகள் கூட்டம் கூட்டமாக மலடாயின. அந்தப் புல்லில் உள்ள ஒரு பொருள் வயிற்றில் ஈக்வால் என்ற ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருளாக மாறியதுதான் காரணம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் ஸியராலெனோன் இருந்தால் பருவமடையாத பெண் பன்றிக்குப் பிறப்புறுப்பு வீங்கி, காம்பு பெருத்து, பருவத்துக்கு வந்ததுபோலவே தோன்றும். உண்மையில் வந்திருக்காது. பன்றிதான் இதற்கு எல்லாவற்றையும்விட எளிதில் பாதிக்கப்படும்.

செம்மறிக் குட்டிகளுக்கு இன்னொரு கெடுபிடி உண்டு. குளிர் மற்றும் மித வெப்ப நாடுகளின் இனங்கள் பகல் குறுகும் காலத்தில்தான் பருவத்துக்கு வரும். அந்தக் காலத்துக்குள் குட்டி வேண்டிய எடையை எட்டவில்லை என்றால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டியதுதான், பத்துப் பதினைந்து நாள் தாமதம் ஒரு வருடத் தாமதமாகிவிடும். அரைவயிறாக வைத்த குட்டிகளில் எல்ஹெச் துடிப்பு படுத்துக்கிடக்கும், வயிறாரப் போட ஆரம்பித்தால் சீக்கிரமே எழும்பும் என்பதும் செம்மறியில்தான் மிகத் தெளிவாகக் காட்டப்பட்டது. பன்றியில் சினைப்படுத்துவதற்கு முந்தைய பத்துப் பதினான்கு நாள் தீவனத்தைக் கூட்டினால் இன்சுலின் ஏறி, வெளியேறும் முட்டைகளின் எண்ணிக்கை கூடும். ஏற்கெனவே நன்றாக இருக்கும் பன்றிக்கு இதனால் பெரிய லாபம் இல்லை, மெலிந்ததற்குத்தான் பலன்.

இப்போது ஊசிக்கு வருவோம். புரோஸ்டாகிளாண்டின் ஊசி மஞ்சள் திரளை, அதாவது முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் உருவாகும் திசுவைக் கரைக்கும் மருந்து. இதுவரை முட்டையே வெளியேறாத கிடேரியிடம் மஞ்சள் திரள் ஏது? கரைக்க ஒன்றுமில்லாத இடத்தில் அந்த ஊசி ஒன்றும் செய்யாது. ஜிஎன்ஆர்ஹெச் ஊசி போட்டால், நுண்ணறை போதுமான அளவு வளர்ந்திருந்தால் முட்டை வெளியேறலாம், ஆனால் மெலிந்த கிடேரி அந்தச் சுழற்சியைத் தொடர்ந்து நடத்தாது, மறுபடி பழைய நிலைக்கே போய்விடும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உள்ள சாதனத்தைப் பிறப்புறுப்பில் ஏழெட்டு நாள் வைத்து எடுப்பது உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் எடை ஏறக்குறைய வந்துவிட்ட, பருவத்தின் வாசலில் நிற்கும் கிடேரிக்குத்தான். 240 கிலோ வேண்டிய இடத்தில் 160 கிலோவில் இருப்பதற்கு அது உதவாது. எடை, குடற்புழு, தொட்டியில் நடப்பது இவை மூன்றையும் பார்த்து, மூன்று மாதம் வளர்ச்சி ஏறிய பிறகும் அசைவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் கேளுங்கள். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியா என்பதையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள், அப்படிப் பிறந்த பெண் கன்றுகளில் பத்தில் ஒன்பது மலடாகவே இருக்கும், தீவனத்தால் அதை மாற்ற முடியாது.

சினை ஊசி போட்ட பிறகாவது தீவனத்தை மாற்றாமல் இருங்கள். கொட்டிலில் நன்றாகத் தின்றுகொண்டிருந்த கிடேரியைச் சினைப்படுத்திய மறுநாளே வெறும் மேய்ச்சலுக்கு ஓட்டினால் அது சில நாள் எடை இழக்கும், புதுக் கரு நிலைக்கும் வாய்ப்பு அந்த நாட்களிலேயே குறைகிறது. செம்மறியில் நேர் எதிரான தவறும் உண்டு. இணைந்த உடனே தீவனத்தை ஏகத்துக்குக் கூட்டினால் கல்லீரலுக்குப் போகும் இரத்தம் அதிகமாகி, கருவைக் காக்க வேண்டிய புரோஜெஸ்டிரோனை அது வேகமாக அழித்துவிடுகிறது. சினைப்படுத்துவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, பின் ஒரு மாதம் வரை, தொட்டியில் விழுவது ஒரே அளவாக, ஒரே தரமாக இருக்கட்டும்.